துதிப்படம் சரி, அதற்கு எதிர்ச்சொல்?

லாஸ்பேட்டை:
நண்பர்களே, வெள்ளிக்கிழமை திரைப்பட வகுப்புக்குப் பாடக்குறிப்பு தரணும். சமயத் தலைவர்களின் வாழ்க்கைப் படங்கள். ஒளிவட்டம் போட்டுக் காட்டுவதைத் 'துதிப்படம்' என்று எழுதிவிட்டேன், ரஜினியின் நூறாவது படமான ஸ்ரீ ராகவேந்திரர் (1985) மாதிரி. 'தி டூ போப்ஸ்' (2019) வேறு ரகம். பின்னாளில் போப் பிரான்சிஸ் ஆகிறவர், 1976இல் அர்ஜென்டினா ராணுவம் தம் சபைப் பாதிரியார் இருவரைப் பிடித்துப்போனபோது காக்கத் தவறியதைச் சொல்லிக் கலங்குகிறார். இதற்கு 'புராணமல்லாப் படம்' சரிவருமா?

மஞ்சக்குப்பம்:
புராணத்தை ஏன் வம்புக்கு இழுக்கிறீர்கள் அம்மா? சங்கிலியாருக்குத் தந்த சத்தியத்தை மீறிச் சுந்தரர் கண்ணிழந்ததைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் மறைத்தாரா? குறள் 504ஐப் பாருங்கள், 'குணம்நாடிக் குற்றமும் நாடி அவற்றுள் மிகைநாடி மிக்க கொளல்'. 'மிகைநாடிப் படம்' என்பேன்.

முத்தியால்பேட்டை:
மிகை என்றால் பையன்கள் ஓவர் ஆக்டிங் என்று எடுத்துக்கொள்வார்கள் சார். 'குணங்குற்றப் படம்'?

திருப்பாதிரிப்புலியூர்:
குணம் வடசொல். படமும் அப்படித்தான்.

மஞ்சக்குப்பம்:
வள்ளுவருக்கே ஆகிவந்த சொல் நமக்கு ஆகாதா? படமும் தமிழ்தான் ஐயா. பேகன் மயிலுக்குப் 'படாஅம்' ஈத்தான் என்று பரணர் பாடுகிறார் (புறம் 145). படாம் துணி, துணியில் தீட்டியது படம், அது திரையில் விழுந்தால் திரைப்படம்! அப்புறம், எங்கள் ஊர் கோர்ட்டில் 1869இல் நடந்த அருட்பா மருட்பா வழக்கை (வள்ளலார் பாடல்கள் அருட்பாவா மருட்பாவா என்ற சண்டையில் ஆறுமுக நாவலர் அவர்மேல் போட்டது) யாராவது படமாக்கினால் நாவலரைக் கட்டாயம் வில்லனாக்கிவிடுவார்கள். குறளின் பரிமேலழகர் உரையை அச்சேற்றிய கை அது. வள்ளலாரைக் குறைக்காமலே நாவலர் பக்க வாதத்தையும் முழுசாகப் பேசவிடுகிற படம்தான் அம்மா கேட்கிற ரகம், குற்றத்தைத் தோண்டிக் கடைபரப்புகிற படமில்லை.

முத்தியால்பேட்டை:
வழக்கு இருக்கட்டும் சார், சொல்லுக்கு வாங்க. 'குறைநிறைச் சித்திரிப்பு' என்று போடுங்கள், கேட்டவுடன் புரியும்.

லாஸ்பேட்டை:
நாலு பேர் தனிமடலில் இதையே ஆமோதித்துவிட்டார்கள். குறிப்பை நகலெடுக்கக் கொடுத்தாச்சு. நன்றி.

திருப்பாதிரிப்புலியூர்:
சித்திரமும் வடசொல்தான். 'குறைநிறை வரைவு' என்ற என் முன்மொழிவைப் பதிவுக்காக இங்கே வைக்கிறேன்.

மஞ்சக்குப்பம்:
வரைவு என்றால் அகப்பாட்டில் திருமணம் ஐயா!