மறு: ‘ஆக்சஸிபிள் ஃபார்மட்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம்.

நான்கு நாளாக ஓடும் இந்த இழையை நேற்று இரவுதான் முழுக்கக் கேட்டு முடித்தேன். ‘கேட்டு’ என்பது எழுத்துப்பிழை இல்லை. எனக்குப் பார்வை கிடையாது. உங்கள் மடல்களை எனக்கு என்விடிஏ என்ற திரைவாசிப்பான் மென்பொருள் வாசித்துக் காட்டுகிறது.

இந்த ஆங்கிலச் சொல்லுக்கு ஈடாக இதுவரை வந்திருக்கும் பரிந்துரைகள் மூன்று: அணுகத்தக்க வடிவம், மாற்று வடிவம், தடையற்ற வடிவம். ‘தடையற்ற’ என்பது சாய்தளத்துக்கும் படிக்கட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிட்ட சொல். அதை அங்கேயே விட்டுவிடலாம். மற்ற இரண்டிலும் எனக்குச் சண்டை இருக்கிறது.

முதலில், எதற்குப் பெயர் தேடுகிறோம் என்று ஒரு முறை பார்த்துக்கொள்வோம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-ன் 42-ஆம் பிரிவு, ஒலி, அச்சு, மின்னணு ஊடகங்களில் வரும் உள்ளடக்கம் எல்லாம் இந்த ‘ஆக்சஸிபிள் ஃபார்மட்’டில் கிடைப்பதை அரசு உறுதி செய்ய வேண்டும் என்கிறது. அதாவது பிரெயில், பெரிய எழுத்து அச்சு, ஒலி, திரைவாசிப்பான் படிக்கக்கூடிய கோப்பு, எளிய நடையில் எழுதிய பதிப்பு என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு பெயர் வேண்டும்.

போன மாதம் ஓர் உதவித்தொகைக்கான படிவம் தேவைப்பட்டது. எந்த அலுவலகம் என்பது இங்கே முக்கியமில்லை. தளத்திலிருந்து பிடிஎஃப் இறங்கியது, திறந்தது. கணினி ‘காலி’ என்றது. அடுத்த பக்கம், அதுவும் காலி. யாரோ காகிதத்தில் அச்சடித்து, கையெழுத்தும் முத்திரையும் வைத்து, ஸ்கேன் செய்து ஏற்றியிருக்கிறார்கள். எனக்கு அது எழுத்தே இல்லாத படம். தொலைபேசியில் கேட்டேன். “வெப்சைட்ல இருக்கே சார், பாருங்க” என்றார் எதிர்முனையில் இருந்தவர். பாவம், அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

இரண்டு நாளில் வேறொருவர் இரக்கப்பட்டு ‘எழுத்தாகவே இருக்கிற’ பிடிஎஃப் ஒன்றை அனுப்பினார். இது வாய் திறந்தது, ஆனால் உளறியது. ‘தொகை’ என்ற சொல்லை ஓர் எழுத்தாக நகர்த்திக் கேட்டேன்: முதலில் கொம்பு, அப்புறம் த, அதற்கப்புறம் கால், பிறகு ஐகாரக் குறி, கடைசியில் க. கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் உயிர்க்குறிகள் உட்கார்ந்திருக்கின்றன. ஒருங்குறியில் (யூனிகோடில்) மெய்யெழுத்துக்குப் பின்னால்தான் குறி வரவேண்டும். திரையில் பார்ப்பவருக்கு எந்தக் குறையும் தெரியாது. 2010-ல் செம்மொழி மாநாட்டையொட்டி ஒருங்குறிக்கு அரசாணை வந்ததோடு இந்தத் தொல்லை தீர்ந்தது என்று நினைப்பவர்கள் இந்தக் குழுவிலேயே இருக்கிறீர்கள். எழுத்துரு மாறியது சரி. பிடிஎஃப் ஆக்கும்போது நடக்கிற இந்தக் குழப்பம் இன்னும் போகவில்லை.

அன்று என் வாயில் வந்த பழமொழி: கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. சொன்ன பிறகுதான் உறைத்தது, நாம் தேடும் வினை இதுதானே?

என் பரிந்துரை: எட்டும் வடிவம்.

ஏன் ‘அணுகு’ வேண்டாம் என்கிறேன்? ‘அணுகு’வுக்கு எழுவாய் ஆள். நான் அணுகுகிறேன், நீங்கள் அணுகுகிறீர்கள். நடக்க வேண்டியது நாம். நம் அலுவலகத் தமிழில் அந்தச் சொல் என்ன வேலை செய்கிறது என்பதும் உங்களுக்குத் தெரியும்: ‘மேலும் விவரங்களுக்கு மாவட்ட அலுவலரை அணுகவும்.’ அணுகி அணுகித்தான் செருப்புத் தேய்ந்தது. ‘எட்டு’ வேறு மாதிரி. அங்கே எழுவாய் ஆவணம். செய்தி எனக்கு எட்டியது, எட்டவில்லை. நான் நான்காம் வேற்றுமையில் சும்மா உட்கார்ந்திருக்கலாம். வந்து சேர வேண்டிய பொறுப்பு ஆவணத்துக்கு. சட்டமும் கடமையை அரசின் மேல்தானே வைக்கிறது? 2024 நவம்பரில் ராஜீவ் ராதுரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதே சட்டத்தின் கீழ் வந்த 2017 விதிகளின் 15(1)-ஐச் செல்லாது என்றதற்கும் காரணம் இதுவே. சட்டம் கட்டாயம் என்று சொன்னதை அந்த விதி வெறும் பரிந்துரை போல ஆக்கிவிட்டது. ‘ஈபப் (மின்னூல் கோப்பு) அல்லது எழுத்துணரி (படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் மென்பொருள்) வழிப்பட்ட பிடிஎஃப்’ என்று இணையதள ஆவணங்களுக்குச் சொன்னதும் அதே விதிதான்.

இன்னொரு வசதி, இந்த வினை எந்தப் புலனோடும் தமிழில் ஏற்கெனவே பழகியது. செவிக்கு எட்டும் என்றால் ஒலிப்பதிவு. கண்ணுக்கு எட்டும் என்றால் பெரிய எழுத்து. விரலுக்கு எட்டும் என்றால் பிரெயில். அறிவுக்கு எட்டும் என்றால் எளிய நடைப் பதிப்பு. எதிர்ச்சொல்லையும் யாரும் கற்பிக்க வேண்டாம், ‘எட்டாக்கனி’ எல்லோருக்கும் தெரியும்.

‘மாற்று வடிவம்’ பற்றி. பார்வையற்றோருக்குப் புத்தகங்கள் கிடைப்பதற்கான சர்வதேச மாரகேஷ் உடன்படிக்கையின் வரையறையிலேயே ‘மாற்று முறை அல்லது வடிவம்’ என்ற பொருளில் வருகிறதே என்று ஒரு நண்பர் காட்டியிருந்தார். உண்மை. 2014-ல் அதற்கு முதலில் ஏற்புறுதி கொடுத்த நாடும் இந்தியாதான். ஆனால் அது பதிப்புரிமை பற்றியது, ஏற்கெனவே அச்சான புத்தகத்தை மாற்றித் தருவது. அரசு ஆவணம் இன்றைக்குத் தட்டச்சு ஆகிறது. தலைப்புகளைத் தலைப்பாகவே குறித்து, அட்டவணையை அட்டவணையாகவே போட்டால் அதே கோப்பு அச்சாகும், பேசும், பிரெயில் கருவியில் புள்ளியாகவும் எழும். இதில் எது அசல், எது மாற்று? மேலும் ‘மாற்று’ என்றதும் மாற்றுத்திறனாளி நினைவு வந்து, ‘அது அவங்களுக்கு’ என்று ஒதுக்கிவிடுவார்கள். ரேஷன் அட்டையில் இருப்பதைக் கண்ணுக்கு மிக அருகில் கொண்டுபோய்ப் படிக்கும் என் அம்மாவிடம் எந்தச் சான்றிதழும் கிடையாது. ‘பத்தரை மாற்று’ வடிவம் என்றால் சம்மதம்!

சரி, இனி என் சொல்லில் உள்ள ஓட்டைகள். ‘எட்டு வடிவம்’ என்று சுருக்கக் கூடாது. என் காதில் அது 8 வடிவம்தான். ‘எட்டும்’ என்ற பெயரெச்சத்தை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். ‘எட்ட நில்’ என்ற விலக்கல் பொருளும் இந்த வேரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, மறைக்கவில்லை. பெரிய சிக்கல், ‘ஆக்சஸிபிலிட்டி’ என்ற பண்புப்பெயருக்கு இதிலிருந்து நல்ல வடிவம் எனக்குக் கிடைக்கவில்லை. ‘எட்டுமை’ நாக்கில் நிற்கவில்லை. அங்கே ‘அணுகல்தன்மை’ இருந்துவிட்டுப் போகட்டும். கட்டடம், பேருந்து, வாக்குச்சாவடி என்றால் உண்மையிலேயே நாம்தான் போய்ச் சேர வேண்டும், ‘அணுகு’ பொருந்துகிறது. ஆங்கிலத்தில் ஒரே சொல், தமிழில் இரண்டா என்று கேட்பீர்கள். கேளுங்கள். ‘ரைஸ்’ என்ற ஒன்றுக்கு நெல், அரிசி, சோறு என்று வைத்துக்கொண்டவர்கள்தானே நாம்.

மாரகேஷ் பேசும் ‘படி’ (நகல்) இருக்கிறதே, அதற்கு ‘எட்டும் படி’ என்றால்? சேர்த்து எழுதினாலும் பிரித்து எழுதினாலும் பொருள் கெடவில்லை. சட்ட வரைவாளர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள், ஆனாலும் எனக்குப் பிடித்திருக்கிறது.

வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்: ‘இச்சுற்றறிக்கை எட்டும் வடிவங்களிலும் வெளியிடப்பட வேண்டும்.’ ‘விண்ணப்பதாரர் கோரும் எட்டும் வடிவத்தில் பதில் அளிக்கப்படும்.’ இரண்டாவது சற்று முட்டுகிறது. ‘விண்ணப்பதாரருக்கு எட்டும் வடிவில் பதில் அளிக்கப்படும்’ என்றால் சரியாகிவிடுகிறது. உங்களுக்கு எப்படி ஒலிக்கிறது?

சைகைமொழிக் காணொளி இதில் அடங்குமா என்று கேட்ட அம்மாவுக்கு: அது வடிவமா, மொழியா என்பதே தனி வழக்கு. காது கேளாத நண்பர்கள் இருவரிடம் கேட்டிருக்கிறேன், பதில் வந்ததும் எழுதுகிறேன்.

பி.கு.: மூன்று சொற்களையும் ஒப்பிட்டு அட்டவணை போட்டு இணைத்திருந்த நண்பர், அதை வேர்ட் கோப்பாக மறுபடி அனுப்ப முடியுமா? எனக்கு வந்தது படம்.