ஹைபேஷியாவின் மாணவர் ஒரு ஆயர்

அருண் (இரவு 8.12): எல்லோருக்கும் வணக்கம். நேற்றிரவு, 2009-இல் வெளிவந்த ‘அகோரா’ படத்தைப் பார்த்தேன். அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த கணித அறிஞர் ஹைபேஷியாவின் கதை அது. கிறிஸ்தவர்கள் நூலகத்துக்குள் புகும் காட்சியில் கேமரா மேலே ஏறி, அவர்களுடைய ஓட்டத்தை வேகப்படுத்திக் காட்டுகிறது; கருத்த உடை அணிந்த அந்தக் கூட்டம் எறும்புகளைப் போல மொய்க்கிறது. அறிவை எரித்தவர்கள் நம் முன்னோர்கள்தானா என்ற கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. அத்தை பல ஆண்டுகள் வரலாறு கற்பித்தவர் என்பதால் இங்கேயே கேட்கிறேன்.

ஜோசப் பெரியப்பா (8.20): தம்பி, இப்போதெல்லாம் வரலாற்றுப் படம் என்றாலே குருவானவர் கொடியவராகவும் ஆயர் கோழையாகவும்தான் வருகிறார்கள், இது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. 1959-இல் வந்த ‘பென்-ஹர்’ படத்தில், சங்கிலியில் கட்டுண்ட கைதிக்கு இயேசு தண்ணீர் கொடுக்கிறார். அவருடைய முகத்தைக் காட்டவே இல்லை, தடுக்க வந்த உரோமை வீரன் அந்த முகத்தைப் பார்த்துவிட்டுத் தயங்கி நிற்பதை மட்டும் காட்டினார்கள். அந்தப் பணிவு இன்று எங்கே போயிற்று?

ஸ்டெல்லா அத்தை (8.41): அருண், உன் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். படத்தில் அந்த நூலகம் இருக்கும் இடமான, செராப்பிஸ் என்ற தெய்வத்தின் கோயிலைக் கிறிஸ்தவர்கள் இடித்தது உண்மை. 391-ஆம் ஆண்டளவில் அது நடந்தது. ஆனால், அந்த இடிப்பைப் பற்றி எழுதிய அக்காலத்தவர்கள் அங்கே நூல்கள் எரிந்ததாகக் குறிப்பிடவில்லை. 415-இல் ஹைபேஷியா ஒரு கிறிஸ்தவக் கும்பலால் கொல்லப்பட்டதும் மறுக்க முடியாத உண்மை. படத்தில் அவள்மீது அன்பு கொண்ட ஒருவன், கல்லடி படுமுன் அவளை மூச்சடக்கிக் கொன்றுவிடுகிறான். அது இயக்குநர் அவளுக்குக் காட்டிய இரக்கம். உண்மையில் அவளை வண்டியிலிருந்து இழுத்து, ஒரு தேவாலயத்துக்குள் கொண்டுபோய், ஆடையைக் களைந்து, ஓட்டுச் சில்லுகளால் கொன்று, உடலைச் சிதைத்து எரித்தார்கள். இதையெல்லாம் நமக்கு எழுதி வைத்தவர் யார் தெரியுமா? திருச்சபையின் வரலாற்றை எழுதிய சாக்ரட்டீஸ் என்ற கிறிஸ்தவர். கிரேக்கத் தத்துவஞானியின் பெயரே இவருக்கும் அமைந்திருந்தது. இந்தச் செயல் ஆயர் சிரிலுக்கும் அலெக்சாந்திரியத் திருச்சபைக்கும் பெரும் பழியைக் கொண்டுவந்தது என்று அவர் ஒளிவுமறைவின்றி எழுதினார்; அது நடந்தது தவக்காலத்தில் என்பதையும் சேர்த்தே எழுதினார்.

செல்வி (8.47): அப்படியானால் அந்தக் காலத்திலேயே கிறிஸ்தவர்கள் இதைக் கண்டித்திருக்கிறார்களா, அத்தை?

ஸ்டெல்லா அத்தை (8.58): கண்டித்தவர்களும் இருந்தார்கள், பாராட்டியவர்களும் இருந்தார்கள். ஏழாம் நூற்றாண்டில் எகிப்தின் நிக்கியு என்னும் ஊரில் ஆயராக இருந்த யோவான் அவளைச் சூனியக்காரி என்று சொல்லி, அந்தக் கொலையை ஒரு வெற்றியாகவே எழுதினார். அதைப் படிக்கும்போது எனக்கு இன்றும் நெஞ்சு பதறுகிறது. ஆனால், அவளுடைய மாணவர்களில் ஒருவரான சினேசியுஸ் பின்னாளில் ஆயரானார். தம் பிள்ளைகளைப் பறிகொடுத்து நோயுற்றுக் கிடந்தபோது, ஹைபேஷியாவைத் தாயே, சகோதரியே, ஆசிரியையே என்று விளித்து அவர் எழுதிய கடிதம் இன்னும் நம்மிடம் இருக்கிறது. படத்திலோ அதே சினேசியுஸ், திருமுழுக்குப் பெற்றால்தான் பாதுகாப்பு உண்டு என்று அவளிடம் சொல்பவராக வருகிறார். அவள் கொல்லப்படுவதற்கு முன்பே அவர் இறந்துவிட்டார் என்றுதான் வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகிறார்கள். என் மனக்குறை இதுதான்: கிறிஸ்தவர்களுக்குள்ளேயே நடந்த அந்த வாக்குவாதத்தை அழித்துவிட்டு, அறிவு ஒரு பக்கம், விசுவாசம் எதிர்ப்பக்கம் என்று நேர்க்கோடு கிழித்துவிடுகிறார்கள்.

ஜோசப் பெரியப்பா (9.03): நான் சொல்ல நினைத்ததும் அதுதான், தங்கச்சி. நம்மை வேண்டுமென்றே தாழ்த்துகிறார்கள்.

ஸ்டெல்லா அத்தை (9.19): அண்ணா, மன்னிக்க வேண்டும், நான் அவ்வளவு தூரம் வரமாட்டேன். சிலுவைப் போர்களைப் பற்றி 2005-இல் வந்த ‘கிங்டம் ஆஃப் ஹெவன்’ படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1187-இல் முஸ்லிம் சுல்தான் சலாதீன் எருசலேமை முற்றுகையிட்டபோது, மக்களை விட்டுவிட்டு ஓடிவிடலாம், மதம் மாறிவிட்டுப் பிறகு மனம் வருந்திக்கொள்ளலாம் என்று சொல்பவராக அந்நகரத் திருச்சபையின் தலைவரான முதுபெரும் தந்தை ஹெராக்கிளியுசைக் காட்டுகிறார்கள். உண்மையில் அவர் நகரத்தை விட்டு ஓடவில்லை. இறுதிவரை உள்ளேயே இருந்தார். நகரம் சரணடைந்தபின், விடுதலைக்கான மீட்புப் பணம் கட்ட முடியாத ஏழைகளில் 700 பேரைத் தமக்குத் தரும்படி சலாதீனிடம் கேட்டுப் பெற்று விடுவித்தார் என்றும் பழைய குறிப்புகள் சொல்கின்றன. அப்படியென்றால் அவரைப் புனிதராகக் காட்டிவிடலாமா? ஓர் ஆணுக்கு 10 தினார் என்று விதிக்கப்பட்ட தொகையைத் தமக்காகக் கட்டிவிட்டு, கோயில் பொன்னையும் பாத்திரங்களையும் ஏற்றிக்கொண்டு அவர் வெளியேறினார். அதே நேரத்தில் ஆயிரக்கணக்கான ஏழைகள் அடிமைகளாக நடந்தார்கள். இரண்டும் ஒரே மனிதர். அந்த இரண்டையும் ஒரே முகத்தில் காட்டும் படத்துக்காகத்தான் நான் காத்திருக்கிறேன். குறையே இல்லாத பழைய காலத்துப் படத்துக் கிறிஸ்தவர்களும் எனக்கு அந்நியர்களாகத்தான் தெரிகிறார்கள், அண்ணா.

செல்வி (9.26): எனக்கு இன்னொரு குறை உண்டு. ‘தி மிஷன்’ படத்தை நான் மிகவும் விரும்பிப் பார்த்தேன். அருவியில் சிலுவையோடு ஒருவர் விழும் காட்சியை மறக்கவே முடியாது. ஆனால் முடிவெடுக்கிறவர்கள், மனம் போராடுகிறவர்கள் எல்லோரும் ஐரோப்பியத் துறவிகளே. தென் அமெரிக்கக் குவாரனி மக்கள் அவர்களுக்குப் பின்னால் நிற்கிறார்கள்.

ஸ்டெல்லா அத்தை (9.35): நன்றாகக் கவனித்திருக்கிறாய், செல்வி. 1750-இல் ஸ்பெயினும் போர்ச்சுக்கலும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி ஊரைக் காலிசெய்யச் சொன்னபோது, அந்த மக்களே தங்கள் குவாரனி மொழியில் ஆளுநருக்குக் கடிதங்கள் எழுதினார்கள். எங்களுக்குக் கடவுள் தந்த நிலம் இது என்று, தங்கள் கிறிஸ்தவ விசுவாசத்தைக் கொண்டே அவர்கள் வாதாடினார்கள். அதன்பின் நடந்த போரையும் அவர்களுடைய தலைவர்களே நடத்தினார்கள். யாரோ கொண்டுவந்து கொடுத்த மதம் அவர்களுடைய சொந்தக் குரலாகவே மாறியிருந்தது. படத்தில் அந்தக் குரல் இல்லை.

அருண் (9.40): அப்படியென்றால் அத்தைக்கு மனநிறைவு தந்த படம் ஒன்றுகூட இல்லையா?

ஸ்டெல்லா அத்தை (9.57): ஒன்று இருக்கிறது. 1928-இல் டிரையர் இயக்கிய, பிரான்சின் ஜோன் ஆஃப் ஆர்க் என்ற இளம்பெண்ணைத் திருச்சபை நீதிமன்றம் விசாரித்ததைப் பற்றிய மௌனப்படம். 1431-இல் நடந்த விசாரணையின் ஆவணங்களைக் கையில் வைத்துக்கொண்டே அதை எடுத்தார். பல மாத விசாரணையை ஒரே நாளாகச் சுருக்கிவிட்டார், அது அவர் எடுத்துக்கொண்ட உரிமை. ஒப்பனையே இல்லாத முகங்கள் திரையை அடைத்துக்கொண்டு நிற்கும்; நீதிபதிகளின் மருக்களும் சுருக்கங்களும், அந்தப் பெண்ணின் கண்ணோரத்தில் திரளும் நீரும் நமக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கும். தண்டிப்பவர்களும் செபிக்கிறார்கள், தண்டிக்கப்படுபவளும் செபிக்கிறாள். அவளை எரித்த தீர்ப்பை 1456-இல் திருச்சபையே செல்லாது என்று அறிவித்தது. 1920-இல் புனிதர் பட்டமும் கொடுத்தது.

நீ கடவுளின் அருள்நிலையில் இருக்கிறாயா என்று அவளிடம் கேட்டார்கள். ஆம் என்றால் அகந்தை, இல்லை என்றால் குற்ற ஒப்புதல். எழுதப் படிக்கத் தெரியாத அந்தப் பெண், இல்லையென்றால் கடவுள் என்னை அதில் சேர்ப்பாராக, இருக்கிறேன் என்றால் அதிலேயே காப்பாராக என்று பதில் சொன்னாள். கேட்டவர்கள் திகைத்துப்போனார்கள் என்று, அன்று குறிப்பெடுத்த எழுத்தர்களில் ஒருவர் பின்னாளில் சாட்சி சொன்னார்.

அருண் (10.02): அந்தப் படம் இப்போது கிடைக்குமா, அத்தை?

ஸ்டெல்லா அத்தை (10.06): கிடைக்கும். முதல் நெகட்டிவ் தீயில் அழிந்து, வெட்டி ஒட்டிய பிரதிகளே நெடுங்காலம் உலவின. 1981-இல் நார்வேயில் ஒரு மனநல மருத்துவமனையின் அலமாரியில் முழுப் பிரதி அகப்பட்டது.

ஜோசப் பெரியப்பா (10.24): தங்கச்சி, இவ்வளவு நேரமும் நீ முதலில் எழுதியதையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். தவக்காலத்தில் அந்தக் கொலை நடந்தது என்று எனக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை. நோன்பிருந்த கைகள்தானே அவை. அருண், அந்த மௌனப்படத்தை நீ பார்க்கும் நாளில் என்னையும் கூப்பிடு, சேர்ந்தே பார்ப்போம்.