பழுதுபார்த்த பாய்மரப் படகை மறுபடி நீரில் இறக்குகிறோம்: உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. பழுதுபார்க்கக் கரையேற்றிய எங்கள் 34 அடி ஃபைபர் பாய்மரப் படகை அடுத்த வாரம் கிரேன் வைத்து நீரில் இறக்குகிறோம். அடியில் இருந்த கடல்நீர் வால்வுகளை எல்லாம் மாற்றியாயிற்று. அவற்றைப் பற்றிக் கவலை இல்லை. படகு நீரைத் தொட்டபின், கிரேனின் தூக்குப் பட்டையில் இருக்கும்போதே ஒவ்வொரு வால்வையும் டிஷ்யூ பேப்பரால் சுற்றித் துடைத்தால் ஒரு சொட்டுக் கசிவும் தெரிந்துவிடும்.

பயமெல்லாம் புரொப்பல்லர் தண்டு வெளியே போகும் இடத்தில்தான். நீர் உள்ளே வராமல் தடுத்த பழைய திரி அடைப்பை எடுத்துவிட்டு, ரப்பர் பெல்லோஸ் (மடிப்பு மடிப்பான குழாய்) வைத்த சொட்டாத சீல் போட்டிருக்கிறோம். இறக்கியதும் பெல்லோஸை அழுத்தி, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும், இல்லையென்றால் சீல் உலர்ந்தபடி உரசிச் சூடாகிவிடும். இதுவரை சரி. ஆனால் என்ஜினை ஓட்டிப் பார்த்தபின் மறுபடியும் அழுத்த வேண்டுமா? புது சீலில் முதலில் லேசாக நீர் தெளிக்குமாமே, எந்த அளவுக்கு மேல் போனால் படகைத் திரும்பத் தூக்கச் சொல்ல வேண்டும்?

அப்புறம், கரையில் படகைத் தாங்கும் முட்டுக்கட்டைகள் இருக்கும் இடங்களில் பாசித்தடுப்பு பெயிண்ட் அடிக்க முடியவில்லை. பட்டையில் தொங்கும் கொஞ்ச நேரத்தில் அது காயுமா, அல்லது முந்தைய நாளே யார்டு ஆட்களைக் கொண்டு முட்டுகளை ஒவ்வொன்றாக நகர்த்தச் சொல்வது நல்லதா? செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.