தோட்டத்து கேட்டுக்கு எந்தத் தூண் ஏற்றது?

கேள்வி:
விளாத்திகுளம் அருகே கரிசல் மண்ணில் உள்ள எங்கள் தோட்டத்துக்கு, டிராக்டர் நுழையும்படி 12 அடி அகலத்தில் இரட்டைக் கதவு இரும்பு கேட் போட இருக்கிறோம். கல்தூண் நடுவதா, கான்கிரீட் தூண் எழுப்புவதா என்று அனுபவமுள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

பதில் 1:
கரிசல் மண் மழையில் உப்பிக் கோடையில் வெடிப்பதால், தூண் எதுவானாலும் அடித்தளமே முக்கியம். 2 அடி ஆழத்தில் நட்ட எங்கள் கல்தூண் ஒரே ஐப்பசி மழையில் உள்பக்கமாகச் சாய்ந்து, தாழ்ப்பாள் துளையில் விழாமல் விரற்கடை விலகி நின்றது. பிறகு 4 அடி தோண்டி, கிராவல் இட்டுக் கெட்டித்து, கான்கிரீட்டில் நிறுத்தினோம்.

பதில் 2:
கல்லின் விளிம்பருகே கீலுக்குத் துளையிட்டால் கல் பிளந்துவிடும் என்பதால், கனமான கேட்டுக்குக் கான்கிரீட் தூணையே பரிந்துரைக்கிறேன். கம்பி கட்டும்போதே கீல் தகட்டை அதனுடன் வெல்டிங் செய்துவிடுங்கள்.

பதில் 3:
அறுவடை இயந்திரமும் வருமென்றால் 12 அடி போதாது. அகலத்தை இப்போதே கூட்டிவிடுங்கள்.