ரூட் கெனாலுக்குப் பிறகு கோர் (பல்லின் மேல் மாட்டும் கேப்புக்கு அடியில், பல்லை நிரப்பிக் கட்டும் பகுதி) கட்டியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பதிவு 1
கீழ்க் கடைவாய்ப்பல். ரூட் கெனால் முடிந்ததும் தற்காலிக அடைப்பு வைத்து, "ரெண்டு வாரத்துல வாங்க, கோர் கட்டி கேப் போட்டுடலாம்" என்றார் டாக்டர். வலி நின்றுவிட்டது, அதனால் நான்கு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. ஒரு நாள் ராத்திரி சாப்பிடும்போது காதுக்குள் 'டக்' என்று ஒரு சத்தம். துளி வலி இல்லை. நாக்கால் தடவிப் பார்த்தால் பல்லின் உள்பக்கச் சுவர் மட்டும் தனியே ஆடுகிறது. பிளவு வேர்வரை இறங்கியிருந்ததால் பிடுங்கத்தான் வேண்டும் என்றார்கள். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

பதிவு 2
எனக்கு எல்லாமே சொன்ன நாளில் நடந்தது. மேல் முன்பல்லில் போஸ்ட் (வேருக்குள் இறக்கும் சிறு கம்பி), கோர், கேப் மூன்றும். இரண்டு வருடம் கழித்து முகம் கழுவும்போது கேப் கையோடு வந்துவிட்டது, கோரும் போஸ்ட்டும் கேப்புக்குள் ஒட்டியபடியே. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ! வேறு டாக்டர்தான் விளக்கினார்: கேப் பிடித்து நிற்க ஈறுக்கு மேல் சுற்றிலும் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டராவது சொந்தப் பல் வேண்டுமாம். ஃபெரூல் என்கிறார்கள். எனக்கு அது இல்லவே இல்லை. ஆகவே பதிவு 1, தாமதத்தை மட்டும் நினைத்து வருந்தாதீர்கள்.

பதிவு 3
தாமதத்தை அப்படி லேசாகச் சொல்லிவிடக் கூடாது. எனக்குத் தற்காலிக அடைப்பு கரைந்து எச்சில் உள்ளே இறங்கி, நன்றாக முடிந்த ரூட் கெனாலையே மறுபடி செய்ய வேண்டி வந்தது. அந்த அடைப்பு சில வாரங்களுக்கு மட்டும்தான். போஸ்ட் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். போஸ்ட் வைத்தால் பல் பலமாகும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். ஆகாது. கோரைப் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. அதற்காக வேரைக் குடைந்தால் வேர் மெலியும். கடைவாய்ப்பல்லில் பெரும்பாலும் போஸ்ட்டே தேவைப்படாது, நடுவில் இருக்கும் குழியே கோரைப் பிடித்துக்கொள்ளும். வைத்தே ஆக வேண்டுமென்றால், வேர் நுனியில் கட்டாபெர்ச்சா (ரூட் கெனாலில் வேரை அடைக்கும் ரப்பர் போன்ற பொருள்) நான்கைந்து மில்லிமீட்டராவது மிச்சம் இருக்கிறதா என்று எக்ஸ்ரேயைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கோர் ஒட்டும்போது எச்சில் படாமல் பல்லைச் சுற்றி ரப்பர் ஷீட் போடுகிறார்களா என்றும் பாருங்கள். ஈரம் பட்டால் கோர் கட்டும் காம்போசிட் (பல் நிறப் பிசின்) சரியாக ஒட்டாது. கடைவாய்ப்பல்லில் கோரோடு நிறுத்திவிடவும் வேண்டாம், மெல்லும் முனைகளை மூடுகிற கேப் பெரும்பாலும் வேண்டியிருக்கும்.

பதிவு 4
பதிவு 1 எழுதியவன்தான். பக்கத்துப் பல்லுக்கும் போன வாரம் ரூட் கெனால் முடிந்தது. எழுந்திருக்கும் முன்பே, இன்றைக்கே கோர் கட்ட முடியுமா என்று கேட்டேன். கட்டிவிட்டார். போஸ்ட் வைக்கவில்லை. வியாழக்கிழமை கேப்புக்கு அளவெடுக்கப் போகிறேன். அதுவரை அந்தப் பக்கம் மெல்லுவதில்லை.