பனிக்குடமும் வைட்டமின் சி-யும்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் அக்கா எல்லோருக்கும். நாங்கள் குடியாத்தம். தங்கைக்கு இது இரண்டாவது, 18 வாரம். முதல் தடவை 33வது வாரமே பனிக்குடம் உடைந்துவிட்டது. விடியற்காலை, பாயெல்லாம் ஈரம். ஆட்டோவில் வேலூர் போய்ச் சேரும்வரை என் கையை அவள் விடவேயில்லை.

பனிக்குடச் சவ்வுக்கு வலு தருவது கொலாஜன் என்கிற புரதம். அது உருவாக வைட்டமின் சி வேண்டுமாம். 2005இல் வெளியான மெக்சிகோ ஆய்வில், 20 வாரத்துக்குப் பிறகு தினமும் 100 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு முன்கூட்டியே உடைவது குறைந்திருக்கிறது. ஆனால் 1000 மில்லிகிராமை வைட்டமின் ஈ-யோடு சேர்த்துக் கொடுத்த இன்னொரு ஆய்வில் அதிகமாகியிருக்கிறது. அதனால் மாத்திரையை நாமாக வாங்கித் தர மனசு வரவில்லை. இப்போதைக்கு தினம் ஒரு கொய்யா, அப்புறம் சாதத்தோடு நெல்லிக்காய் பச்சடி.

இப்படி ஆன யாராவது அடுத்த முறை நிறைமாதம் வரை போனீர்களா? டாக்டர் மாத்திரை எழுதினாரா? வேலூர், காட்பாடி பக்கம் பொறுமையாக விளக்கும் மகப்பேறு டாக்டர் தெரிந்தாலும் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை செக்கப் இருக்கிறது.