ஆஸ்டா நீல்சன் பற்றிய கட்டுரைக்கு உதவி தேவை

அன்பர்களுக்கு வணக்கம். பேசாப்படக் கால நடிகையரைப் பற்றி நான் எழுதிவரும் கட்டுரை வரிசையில், டென்மார்க்கின் ஆஸ்டா நீல்சன் (1881–1972) குறித்த பகுதி பாதியில் நிற்பதால் உங்கள் உதவியை நாடுகிறேன்.

கோபன்ஹேகனில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, நாடக மேடையில் பெரிய வேடங்கள் வாய்க்காமலிருந்த அவரை, 1910இல் உர்பன் காட் இயக்கிய 'அஃப்குருண்டன்' என்ற ஒரே படம் ஐரோப்பா முழுவதும் அறியச் செய்தது. கறுப்பு உடையில், ஓர் ஆடவனைக் கயிற்றால் கட்டிவிட்டு அவனை உரசியபடி அவர் ஆடும் காட்சியில் மிகைநடிப்பின் சாயலே இல்லை. அக்காலப் படங்களைப் பார்த்துச் சலித்தவர்களுக்கு அதன் அருமை புரியும். அதன்பின் ஜெர்மனியே அவருடைய களமாயிற்று. சொந்த நிறுவனத்தின் மூலம் எடுத்து 1921இல் வெளியிட்ட 'ஹாம்லெட்'டில், இளவரசனாக வளர்க்கப்பட்ட பெண்ணாக அவரே நடித்தார். 1932இல் வெளிவந்த ஒன்றைத் தவிர, பேசும்படம் எதிலும் அவர் நடிக்கவில்லை.

என்னிடமுள்ள 'ஹாம்லெட்' பிரதி வேகம் கூட்டப்பட்டது; அவர் நிதானமாகத் தலை திருப்புவதுகூடப் பொம்மலாட்டம்போலத் தெரிகிறது. சரியான வேகத்தில் ஓடும் பிரதி எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன். 1945–46இல் வெளியான அவருடைய தன்வரலாற்றின் ஆங்கில அல்லது ஜெர்மன் மொழிபெயர்ப்பு எவரிடமேனும் இருந்தால், சில நாள்களுக்கு இரவல் தந்துதவுங்கள். அஞ்சல் செலவு என்னுடையது. டென்மார்க்கில் வாழும் நம்மவர்கள், மேற்கண்ட பெயர்களைத் தமிழில் எழுதியிருக்கும் முறையைத் திருத்தித் தந்தால் பெரிதும் நன்றியுடையவனாவேன்.